மனுவில் எழுதிய தேதி

கியர்னி, நெப்ராஸ்கா
ஜூன் 14, 2004

லைனஸ்,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வாயைத் திறக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே நமக்கு அதுதான் வழக்கம். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் செய்யாதே.

இண்டியானா வேலை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. எனக்கு உதவி கிடையாதாம். ஆலையின் வேலை சீனாவுக்குப் போய்விட்டதென்று அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. அதனால் வேலை இழந்தவர்களுக்கு வேறு தொழில் படிக்கச் செலவும், படிக்கிற காலத்துக்கு வாராவாரம் ஒரு தொகையும் உண்டென்றும் ஒப்புக்கொண்டாயிற்று. எனக்கு மட்டும் இல்லை. எனக்கு மட்டும் என்றால், எங்கள் வயர் பொருத்தும் வரிசையில் இருந்த பதினொரு பெண்களுக்கும் இல்லை.

காரணத்தை நான்கே வரியில் எழுதியிருக்கிறார்கள். ஆலை ஆட்கள் அரசாங்கத்துக்குப் போட்ட மனுவில் உள்ள தேதிக்கு முந்திய ஓராண்டுக்குள் வேலை போயிருக்க வேண்டும். மனுவின் தேதி 2004 மார்ச் 11. எங்கள் வரிசையை மூடியது 2003 மார்ச் 7. நான்கு நாள் வித்தியாசம். ஜோலீனிடம் காட்டினேன். பாவம், அம்மாவுக்காக அவள் மூன்று தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எத்தனை தடவை எண்ணினாலும் நான்குதான் வந்தது.

நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தொரு வயதில் நர்ஸ் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினேன். சுற்றிலும் இருபது வயதுப் பெண்கள் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தேறவில்லை, நான் தேறினேன். ஆகஸ்டில் வகுப்பு. பதினெட்டு மாதம் என் வீட்டிலிருந்தே படித்துவிட்டு, நம் ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகலாம் என்றிருந்தேன். உதவி இல்லையென்றால் படிப்பும் இல்லை. மகள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, இங்கே மோட்டலில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த மோட்டலில் ஓர் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. போன வாரம் திருப்பிப் பார்த்தேன். நம் ஆலையின் பெயர்தான் போட்டிருக்கிறது. அதன் கீழே சீனாவில் செய்தது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. வயரை இழுத்துப் பார்த்தேன், பொருத்தியது நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஆசையாக இருந்தது, முடியவில்லை.

இப்படி ஒரு மனு இருப்பதே மே மாதம் ஆலைத் தோழி வில்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நீ ஒருவன் என்றாள். என் தம்பி போட்ட மனு என்று இங்கே எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது சொல், மனு ஏன் அத்தனை தாமதமாகப் போனது?

ரோசெல்லா

⁂

செயின்ட் கிலியன், இண்டியானா
ஜூன் 20, 2004

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். காலை பத்தரை.

உன் வீடு நன்றாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் நிலவறையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றது. பம்பில் ஒரு வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். புல் வெட்டியாயிற்று. உன் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி ஊன்றியிருக்கிறேன்.

மனு மார்ச் 11, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்குத் தபாலில் போனது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சமயம் நம் ஆலை மேலாளர் ஸ்டெம்லர் வீட்டில் சாவு விழுந்தது உனக்கே தெரியும். அவர் மனைவி ஐரீன் அம்மா மார்ச் 3, புதன்கிழமை போனார்கள். மகன் அலாஸ்காவிலிருந்து வர வேண்டியிருந்ததால் அடுத்த திங்கட்கிழமைதான் அடக்கம். மனுவில் ஆலை மேலாளரின் பெயரையும் போன் எண்ணையும் எழுதுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. மனு போய்ச் சேர்ந்ததும் அரசாங்கத்திலிருந்து அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பெண்டாட்டியை இன்னும் புதைக்காத மனிதரிடம், உன் ஆட்கள் உன் ஆலையைப் பற்றி எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று போன் வந்தால் எப்படி இருக்கும்? அவர் நம் அம்மா செத்தபோது ஆலையை அரை நாள் நிறுத்தியவர். நம் இருவரோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கியவர். அதனால் சில நாள் பொறுத்தோம். அடக்கம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு அனுப்பினோம்.

ஓராண்டுக் கணக்கு எனக்குத் தெரியாது அக்கா. படிவத்தின் பின்பக்கம் இருந்திருக்கலாம். தெரிந்திருந்தால்

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.

எனக்குக் கிடைத்திருக்கிறது. மே 28-இல் கடைசி ஆட்களோடு என்னையும் அனுப்பினார்கள். குளிர்சாதன மெக்கானிக் படிப்பு. ஆகஸ்ட் 23 வகுப்பு. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லவும் கூசுகிறது.

லைனஸ்

⁂

கியர்னி
ஜூன் 27, 2004

லைனஸ்,

பம்புக்கு நன்றி. தக்காளிக்கும் நன்றி. அதைக் கேட்கவா எழுதினேன்?

நேற்று வில்மா போன் செய்தாள். அவளிடமும் கத்தக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். அவள் சொன்னது இது: நீ, ஆலையில் உன்னோடு இருந்த ஆல்வின், அவள் என மூன்று பேரும் அவள் சமையலறையில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டது மார்ச் 2, செவ்வாய்க்கிழமை. அவள் ஆப்பிள் கேக் கூடச் செய்திருந்தாளாம். ஆல்வின் இரண்டு துண்டு சாப்பிட்டானாம். கேக் எத்தனை துண்டு என்பதுவரை நினைவிருக்கிறவளுக்குத் தேதி தவறாது.

சரி, மார்ச் 2-ஆம் தேதி போட்ட கையெழுத்து மார்ச் 11 என்று எப்படி ஆனது? அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, எப்பத் தபால்ல போட்டாங்கங்கறது முக்கியமில்லீங்க. காகிதத்துல கையெழுத்துப் பக்கத்துல என்ன தேதி இருக்கோ அதுதான் கணக்கு. ஒரு வாரம் பத்து நாள் தள்ளி வந்தாலும் ஏத்துக்குவோம்," என்றாள். மார்ச் 2 என்று இருந்திருந்தால் நான் உள்ளே. நாங்கள் பதினொரு பேரும் உள்ளே. நீ பத்து நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருந்தாலும் நாங்கள் உள்ளே.

தேதியை யார் மாற்றியது?

இன்னொன்றும் கேட்கிறேன். துக்க வீட்டுக்காகப் பொறுத்தோம் என்று எழுதியிருக்கிறாய். ஸ்டெம்லர் நல்ல மனிதர், நானும் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. எங்கள் வரிசையில் இருந்த கிளாடிஸுக்கு என்ன இருக்கிறது? நோயாளிப் புருஷனை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகப் பன்றிப் பண்ணையில் கழுவி விடுகிறாள். ஒரு மனிதரின் மனம் நோகக் கூடாதென்று பதினொரு குடும்பத்தை வெளியே நிறுத்தினீர்கள். பொறுக்கச் சொன்ன அந்தப் புண்ணியவான் யார்? உனக்குத் தானாகத் தோன்றியிருக்காது. நீ ஸ்குரூ வாங்கக் கூட நாலு பேரைக் கேட்கிறவன். யாரென்று எழுது. நான் அவனிடம் நேரில் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

ரோசெல்லா

⁂

செயின்ட் கிலியன்
ஜூலை 5, 2004

அக்கா,

தேதியை மாற்றியது நான்.

முதல் படிவத்தில் மார்ச் 2 என்று மூன்று பேரும் எழுதியிருந்தோம். அடக்கம் முடிந்து, புதன்கிழமை ஸ்டெம்லர் வேலைக்கு வந்தார். அன்று மாலை உறையை எடுத்துப் பார்த்தேன். நாளைக்கு அனுப்பப் போகிற காகிதத்தில் போன வாரத் தேதி இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. புதுப் படிவம் ஒன்று எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினேன். வியாழக்கிழமை காலை வேலை தொடங்குமுன் வில்மாவையும் ஆல்வினையும் மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னேன். "எதுக்குடா இது? அதான் போட்டாச்சே," என்றாள் வில்மா. அனுப்புகிற நாளின் தேதிதான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பழையதைக் கிழித்து ஆலைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். 1988-இல் மூன்றாம் பிரஸ்ஸில் கை சிக்காமல் தடுக்கும் காப்புத் தட்டை, மெக்கானிக்கான நான் ஒரு திங்கட்கிழமை சோதிக்க வேண்டியிருந்தது. எனக்கு அவசரம். செவ்வாய்க்கிழமை எப்படியும் பார்த்துவிடுவோம் என்று, திங்கட்கிழமை சோதித்ததாகப் பதிவேட்டில் தேதி எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை நான் போவதற்கு முன் ஆல்வின் அதில் கை வைத்தான். அவன் இரண்டு விரலும் போனது. பதிவேட்டைப் பார்த்தவர்கள் சோதனை நடந்திருக்கிறது, இயந்திரத்தின் கோளாறு என்றார்கள். உண்மை தெரிந்தவர்கள் நான், ஆல்வின், நீ, பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தை ஒப்புக்கொண்டபோது கேட்ட சாமியார். ஆல்வின் இன்றுவரை வெளியே சொல்லவில்லை. அன்றிலிருந்து நடக்காத நாளின் தேதியை நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. பதினாறு வருஷம்.

ஒரு தேதியைப் பொய்யாக எழுதி ஆல்வினின் விரல்களைப் போக்கினேன். ஒரு தேதியை ஒழுங்காக எழுதி உன் படிப்பைப் போக்கினேன். எது சரி என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

பொறுக்கச் சொன்னது யாரென்று கேட்டிருந்தாய். யாரும் சொல்லவில்லை. நான்தான் முடிவு செய்தேன். கேட்க வேண்டிய நாலு வார்த்தையையும் என்னிடமே கேள்.

லைனஸ்

⁂

செயின்ட் கிலியன்
ஜூலை 19, 2004

அக்கா,

பதில் வரவில்லை. நீ எழுத வேண்டுமென்று இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போன திங்கட்கிழமை ஸ்டெம்லர் வீட்டுக்குப் போனேன். அவரையும் ஜூன் மாதம் அனுப்பிவிட்டார்கள். ஐரீன் அம்மாவின் ரோஜாச் செடிகளுக்கு அடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ரோஜாவையும் சேர்த்துத்தான் பிடுங்கியிருந்தார், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. காபி போட்டுத் தந்தார். நான் முழுவதையும் சொன்னேன். உங்களுக்காகப் பொறுத்தோம் என்று சொன்னபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்காகவா? என் மேல வழக்கா போட்டீங்க?" என்றார். இல்லை, அரசாங்கத்துக்கு, என்றேன்.

"லைனஸ், அது கம்பெனி மேல போடற பிராது இல்லப்பா. கம்பெனியே போடலாம். மேலாளர் ஒரு கையெழுத்துப் போட்டா போதும், மூணு பேர் கூட வேண்டாம். அந்தப் படிவம் என் மேஜை டிராயர்லயே கிடந்தது."

ஏன் போடவில்லை என்று கேட்டேன் அக்கா. அவரிடம் அப்படிக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் ஐரீன் படுக்கையில் இருந்ததாகவும், டிராயரைத் திறந்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணில் பட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு சொன்னார்: "நீ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கணும். அவ கட்டில் மேலயே வச்சுப் போட்டுக் குடுத்திருப்பேன். அவளே பேனா எடுத்துக் குடுத்திருப்பா. உங்க வரிசைப் பொம்பளைங்க எல்லாரையும் அவளுக்குப் பேர் சொல்லித் தெரியும்."

அழுதார். நானும் அழுதேன். இரண்டு கிழட்டு ஆம்பிளைகள் நட்ட நடுப் பகலில் சமையலறையில் உட்கார்ந்து அழுதோம் என்று நீ கேலி செய்யலாம்.

மறுநாளிலிருந்து மற்றப் பத்துப் பேர் வீட்டுக்கும் போனேன். வேலை அலுவலகத்திலிருந்து அவர்களுக்கும் கடிதம் வந்திருந்தது, ஆனால் எதனால் என்று யாருக்கும் புரிந்திருக்கவில்லை. பொறுக்க வைத்தது நான், தேதியை மாற்றியது நான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மூன்று பேர் காபி கொடுத்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். டோரிஸின் புருஷன் என்னைப் படியில் நிற்க வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இருபத்திநாலு வருசம் மெஷினைச் சரி பண்ணினே, ஒரு காகிதத்தைச் சரியா அனுப்பத் தெரியலையா உனக்கு?" என்று கேட்டான். கேட்க வேண்டியதுதான். கிளாடிஸ் மட்டும் கேட்டுக்கொண்டே புருஷனுக்குச் சூப் ஊட்டினாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

லைனஸ்

⁂

கியர்னி
ஜூலை 26, 2004

லைனஸ்,

மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே விசாரணை, என் பெயரில். ஆகஸ்ட் 10 செவ்வாய்க்கிழமை, உங்கள் நேரம் காலை பத்து மணி. போனிலேயே நடக்கும். நீதிபதி இண்டியானாபொலிஸில் இருப்பார். நான் மோட்டல் அலுவலக அறையிலிருந்து பேசுவேன். மேலாளர் பெண் அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன்னைச் சாட்சியாக எழுதியிருக்கிறேன். தம்பி என்பதால் அல்ல, தேதி எழுதியவன் என்பதால். முதல் படிவம் ஒன்று இருந்தது, அதில் மார்ச் 2 என்று இருந்தது என்று சொல். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். நீ வேறு மாதிரி சொல்லக்கூடியவன் அல்ல என்பதுதான் இத்தனை கோபத்திலும் எனக்கு இருக்கிற ஒரே தைரியம்.

ஸ்டெம்லர் வீட்டு விஷயத்தைப் படித்தேன். கேலி செய்யத் தோன்றவில்லை.

கல்லூரியில் ஆகஸ்ட் 20 வரை என் இடத்தை வைத்திருப்பார்கள். அதற்குமேல் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

ரோசெல்லா

⁂

செயின்ட் கிலியன்
ஆகஸ்ட் 11, 2004

அக்கா,

நீயும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று போனை வைத்த பிறகு நீ என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டாமென்று நீயே முன்பு சொன்னதால் நானும் கூப்பிடவில்லை.

நீதிபதி கெட்டவர் அல்ல. சத்தியப் பிரமாணம் வாசிக்கும்போது குரலில் ஓர் அலுப்பு இருந்தது, அவ்வளவுதான். அன்று காலை அவருக்கு அது இரண்டாவது விசாரணையோ மூன்றாவதோ. முதல் படிவத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டதே, அப்போது நான் மேஜை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். வில்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் கேட்டார், அவளும் மார்ச் 2 என்றுதான் சொன்னாள், கேக் உட்பட. பயனில்லை. "எனக்குப் புரியுதுங்க. ஆனா சட்டம் இருக்கிற காகிதத்தைத்தான் பார்க்கச் சொல்லுது. இல்லாத காகிதத்தைப் பார்க்க எனக்கு அதிகாரம் கொடுக்கல," என்றார். அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதுதான் வேதனை.

நீ ஒரே ஒரு தடவை மூச்சு விட்டது கேட்டது. பிறகு நன்றி என்று சொன்னாய்.

நான் வகுப்புக்குப் போகப் போவதில்லை. கல்லூரிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு அனுப்புவேன். உனக்கும் கிளாடிஸுக்கும் டோரிஸுக்கும் கிடைக்காததை நான் வாங்கிக்கொண்டு, வாராவாரம் அந்தக் காசோலையை எடுத்துக்கொண்டு அதே ஊர் வங்கியில் வரிசையில் நிற்க என்னால் முடியாது. மரக்கடையில் ஆள் தேவையென்று போட்டிருக்கிறார்கள். நாற்பத்தேழு வயதுக்குப் பலகை தூக்க முடியும்.

உன் வீட்டுக் கூரையில் ஓர் ஓடு பெயர்ந்திருக்கிறது. சனிக்கிழமை ஏறிப் பார்க்கிறேன்.

லைனஸ்

⁂

கியர்னி
ஆகஸ்ட் 16, 2004

என் தம்பி லைனஸுக்கு,

கல்லூரிக்கு எழுதிய கடிதத்தை அனுப்பியிருந்தால் உடனே போன் செய்து அதைக் குப்பையில் போடச் சொல். அனுப்பாமல் இருந்தால் நீயே போடு. இதை முதலில் செய்துவிட்டு மீதியைப் படி.

விசாரணை முடிந்ததும் நான் ஏன் உன்னைக் கூப்பிடவில்லை என்று சொல்கிறேன். நீதிபதி உன்னிடம் கடைசியாக ஒன்று கேட்டார். அதை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. முதல் படிவத்தை ஏன் அனுப்பாமல் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். துக்க வீடு என்றாய். அப்படிப் பொறுப்பதென்று யார் முடிவு செய்தது என்று கேட்டார். "நான்தாங்க. வேற யாரும் இல்ல," என்றாய். குரலே மாறாமல் சொன்னாய்.

எனக்கு அப்போதும் ஆத்திரம்தான். அன்று மாலையே வில்மாவைக் கூப்பிட்டேன். அவளையாவது திட்டித் தீர்க்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவன் பொறுக்கச் சொன்னால் நீயும் ஆல்வினும் தலையாட்டினீர்களா, உங்களுக்கு வாய் இல்லையா என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

"ரோசெல்லா, உனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா? மீன் வறுக்கிற அன்னைக்கு உன் தம்பி வந்து, அக்காவைக் கேட்டேன், அடக்கம் முடியட்டும்னு அவ சொல்லிட்டா, அப்படின்னு சொன்னான். நீ சொன்னதாலதான் நாங்க பொறுத்தோம். இதை உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு ஜூன் மாசமே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

நினைவு வந்தது லைனஸ். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நான் இங்கே வருவதற்கு முன், இறைச்சி சாப்பிடாத தவக்கால வெள்ளிக்கிழமை, மார்ச் 5. கோவிலின் பங்குக் கூடத்தில் நூற்றைம்பது பேருக்கு மீன். நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றேன், ஐரீனுக்காகக் காலையிலிருந்து அழுது கண் வீங்கியிருந்தது. நீ சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "அக்கா, அரசாங்கத்துக்கு ஒரு காகிதம் அனுப்பணும். அதுல ஸ்டெம்லர் பேர் வருது. இன்னைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டாய். என்ன காகிதம் என்று நான் கேட்கவில்லை. திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. "அந்த மனுஷன் பெண்டாட்டியை இன்னும் மண்ணுல வைக்கல. வெட்கமா இல்லையாடா உனக்கு? அடக்கம் முடியட்டும்," என்றேன். நீ சரி அக்கா என்று போய்விட்டாய். நான் அடுத்த மீனை எண்ணெயில் போட்டேன். அன்று நீ அனுப்பியிருந்தால், என்ன தேதி போட்டு அனுப்பியிருந்தாலும், பதினொரு பேரும் உள்ளே இருந்திருப்போம்.

பொறுக்கச் சொன்ன புண்ணியவான் யாரென்று உன்னைக் கேட்டேன். நேரில் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றேன். அதைப் படித்துவிட்டு யாரும் சொல்லவில்லை என்று எழுதினாய். எல்லா வீட்டுப் படியிலும் நின்று உன் தலையிலேயே போட்டுக்கொண்டாய். டோரிஸின் புருஷன் தெருவே கேட்கப் பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருஷமாக ஒரு தேதியைக் கூட மாற்றி எழுதாதவன், சத்தியம் செய்துவிட்டு நீதிபதியிடம் எனக்காகப் பொய் சொன்னாய். அதை இனி மேலும் உன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அம்மா செத்த பிறகு நான் யாருக்காகவும் இப்படி அழுததில்லை. ஜோலீன் பயந்துவிட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். தேதியை மாற்றியது நீதான், அந்தக் கோபம் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் அது பாதிக் கோபம். மீதிப் பாதி எனக்கு உரியது. அதை நீ எடுத்துக்கொள்ள நான் விட மாட்டேன்.

நர்ஸ் படிப்பு இந்த வருஷம் இல்லை. கல்லூரிக்கு நானே போன் செய்து என் இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அவளுக்கு இரண்டு குழந்தைகளாம். நம் ஊர் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் ஆள் எடுக்கிறார்களென்று வில்மா சொன்னாள். விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பெரிய வேலை இல்லை, ஆனால் சொந்த வீட்டில் தூங்கலாம்.

நீ திங்கட்கிழமை வகுப்புக்குப் போ. நீ போகாவிட்டால் எங்கள் பதினொரு பேரில் ஒருத்திக்கும் அந்த இடம் வரப்போவதில்லை. குளிர்சாதனத்தைப் பற்றி எல்லாம் கற்றுக்கொள். வங்கி வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடு நில்.

நான் 27-ஆம் தேதி பஸ் ஏறுகிறேன். 28 சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு எவன்ஸ்வில் வந்து சேரும். வண்டி எடுத்துக்கொண்டு வா. அங்கிருந்து வீட்டுக்குப் போக வேண்டாம். நேராகக் கிளாடிஸ் வீட்டுக்குப் போகிறோம். அதற்கப்புறம் டோரிஸ் வீடு. பத்து வீட்டுக்கும் போக வேண்டும், ஒரு நாளில் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மீதி. ஒவ்வொரு படியிலும் நான் நின்று, பொறுக்கச் சொன்னது நான் என்று சொல்லப் போகிறேன்.

நீ வண்டியை ஓட்டினால் போதும். இறங்க வேண்டாம்.

அக்கா
ரோசெல்லா